இயற்கைப் புவியியலுக்கு ஓர் இளம் ஆசிரியரை எப்படித் தேர்ந்தெடுப்பது? சேலத்திலிருந்து ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது. சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரி. பி.எஸ்சி. புவியியல் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. இயற்கைப் புவியியல் தாள்களை எடுக்க ஓர் உதவிப் பேராசிரியர் வேண்டும், அனுபவம் குறைவானவராக இருந்தாலும் பரவாயில்லை. முப்பத்தேழு விண்ணப்பம் வந்திருக்கிறது. துறைத் தலைவர் என்பதால் நேர்காணலுக்குக் கேள்வி தயாரிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. நீங்களோ மக்கள்தொகைப் புவியியலில் ஆய்வு செய்தவர். "என்ன கேள்வி கேட்கலாம்?" என்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கவலை கடைசி வரியில் இருக்கிறது: "எல்லா விண்ணப்பமும் ஒரே மாதிரி இருக்கிறது, எல்லோரும் ஜி.ஐ.எஸ். தெரியும் என்கிறார்கள்." ஜி.ஐ.எஸ். என்பது கணினியில் வரைபடங்களை ஆராயும் மென்பொருள் முறை. கணினித் திரையில் மலையைப் பார்த்தவரையும் மலையில் நின்று மலையைப் பார்த்தவரையும் எப்படிப் பிரித்தறிவது என்றுதான் கேட்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். கூடவே, சொல்லாமல் விட்ட இன்னொரு கேள்வியும் இருக்கிறது: எடுத்த ஆள் ஒரு வருடமாவது நிலைப்பாரா?

முப்பத்தோரு வருடம் புவியியல் கற்பித்தவன் நான், பெரும்பகுதி சேலத்தில். பாட வல்லுநராகப் பல தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன், சில தடவை தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்தும் இருக்கிறேன். என் அனுபவம் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளோடு முடிந்துவிட்டது. சுயநிதிக் கல்லூரி நிர்வாகத்தோடு மல்லுக்கட்டும் கலை உங்களுக்குத்தான் தெரியும்.

முதலில் சந்தேகமில்லாத பகுதியை முடித்துவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. அதோடு தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட், இல்லையென்றால் விதிப்படி பெற்ற பி.எச்டி. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியருக்கு பி.எச்டி. கட்டாயம் என்று இடையில் ஒரு விதி வரவிருந்தது. 2023 ஜூலையில் அதைத் திருத்தி, நெட், செட் போதும், பி.எச்டி. விருப்பத் தகுதி என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே நெட் தேறிய, பி.எச்டி. முடிக்காத 27 வயதுக்காரரை "டாக்டர் பட்டம் இல்லை" என்று ஒதுக்க வேண்டியதில்லை. நிர்வாகத்தில் யாராவது பழைய விதியைப் பிடித்துக்கொண்டு வந்தால் இதைச் சொல்லுங்கள்.

அதே விதிமுறையில் ஒரு மதிப்பெண் அட்டவணையும் இருக்கிறது. கல்லூரிகளுக்கான அட்டவணையில் பி.எச்டி.க்கு 25, நெட்டுக்கு 8, ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் அதிகபட்சம் 6, அனுபவம் வருடத்துக்கு 2 வீதம் அதிகபட்சம் 10 என்று போகும். இதில் நிறையப் பேர் செய்யும் தவறு, அந்தக் கூட்டுத்தொகையை வைத்தே ஆளை முடிவு செய்துவிடுவது. அட்டவணை யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுவது என்பதற்கு மட்டும்தான். தேர்வு, நேர்காணலில் அவர் காட்டும் திறனை வைத்து நடக்க வேண்டும். வகுப்பறைச் சூழலில் ஒரு பாடம் எடுக்கச் சொல்லிப் பார்க்கவும் விதி இடம் கொடுக்கிறது. கேள்விகளைவிட இந்த இடத்தில்தான் உங்களுக்கு வேலை அதிகம். கீழே வருகிறேன்.

சந்தேகமான பகுதி, பாடப் பொருத்தம். உங்கள் முப்பத்தேழு பேரில் எம்.எஸ்சி. புவியியல் படித்தவர்கள் பாதிதான் இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். மீதிப் பேர் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், தொலையுணர்வு, பயன்பாட்டு நிலவியல் என்று வந்திருப்பார்கள். நம் ஊரில் ஜியாகிரபிக்கும் ஜியாலஜிக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் கல்லூரி அலுவலகத்திலேயே உண்டு. என் ஓய்வூதியத் தாளிலேயே ஒரு தடவை மாற்றி அடித்து வந்தது. யு.ஜி.சி. விதி, சம்பந்தப்பட்ட அல்லது நெருங்கிய பாடம் என்று அகலமாகத்தான் சொல்கிறது. எது நெருங்கிய பாடம் என்பதில், எந்தப் பட்டம் எதற்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை ஆணைகளும் நீங்கள் இணைந்திருக்கும் பல்கலைக்கழகமும் சொல்வதுதான் செல்லும். ஒரு அடையாளம் கவனியுங்கள்: புவியியலுக்கு நெட் தேர்வு யு.ஜி.சி. நெட்டில் வருகிறது, நிலவியல்காரர்கள் பெரும்பாலும் அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் புவி அறிவியல் எழுதியிருப்பார்கள். நிலவியல் படித்த ஒருவரை மனசுக்குப் பிடித்துவிட்டால், நேர்காணலுக்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு தகுதி ஒப்புதல் வரவில்லை என்றால் பாவம் அந்தப் பிள்ளை, இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கும்.

சரி, இப்போது விண்ணப்பங்களுக்கு வருவோம். கட்டுரைப் பட்டியலைப் பாருங்கள். ஏதோ ஒரு துணைப் படுகையின் மார்ஃபோமெட்ரி பகுப்பாய்வு என்று ஒன்றாவது இருக்கும். ஆற்றுப் படுகை ஒன்றை எடுத்து, ஓடைகளுக்கு ஸ்ட்ராலர் முறையில் வரிசை எண் கொடுத்து, நீளம், அடர்த்தி, கிளைப்பு விகிதம் (ஒரு வரிசை ஓடைகளின் எண்ணிக்கையை அடுத்த வரிசையின் எண்ணிக்கையால் வகுத்தது) எல்லாம் கணக்கிட்டு அட்டவணை போடுவது. ஹார்ட்டன் 1945-இல் தொடங்கி வைத்தது, ஸ்ட்ராலர் 1952-இல் திருத்தியது. நல்ல முறைதான், மாணவருக்குக் கை பழக இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் இன்று செயற்கைக்கோள் உயரத் தரவை மென்பொருளில் போட்டு நாலு பொத்தானை அழுத்தினால் ஒரு மாலையில் முடிந்துவிடும். படுகையின் பெயரை மட்டும் மாற்றி அதே கட்டுரையை ஐந்து இதழ்களில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். "கிளைப்பு விகிதம் 3-க்கும் 5-க்கும் இடையில் இருப்பதால் நிலவியல் அமைப்பு வடிகாலைப் பாதிக்கவில்லை" என்ற வாக்கியம் எல்லாவற்றிலும் அச்சு மாறாமல் இருக்கும்.

அதனால் மார்ஃபோமெட்ரி என்றாலே தள்ளிவிடச் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையையே எடுத்து மேசையில் விரித்து, ஒரே ஓர் ஓடையில் விரல் வைத்து, "இது ஏன் இங்கே சட்டென்று திரும்புகிறது?" என்று கேளுங்கள். பாறையில் வெடிப்புக் கோடு இருக்கலாம், கெட்டியான பாறை குறுக்கே நிற்கலாம், பக்கத்து ஓடை அரித்து வந்து இதன் நீரைத் தன் பக்கம் இழுத்திருக்கலாம். பதில் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த இடத்துக்குப் போயிருக்கிறாரா, போயிருந்தால் என்ன பார்த்தார் என்பது இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடும். இன்னொரு கேள்வி: "மென்பொருள் வரைந்த ஓடைகளில் பொய்யானது எது?" சேலம் பகுதியில் ஏரிகள் அதிகம். தட்டையான ஏரிப் பரப்பில் உயரத் தரவு ஓடையைக் கண்டுபிடிக்க முடியாமல் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி இணைகோடுகளை வரைந்து தள்ளும். நிலவரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு அது உடனே தெரியும். ஒப்பிடாதவர் அந்தக் கோடுகளுக்கும் வரிசை எண் கொடுத்து, கிளைப்பு விகிதத்தில் சேர்த்திருப்பார்.

என் கதை ஒன்று. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், ஊர் பெயர், கல்லூரி பெயர் வேண்டாம். இறுதியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவரிடம் பதினான்கு கட்டுரைகள், சரளமான ஆங்கிலம், படக்காட்சி பிரமாதம். மற்றவர் தருமபுரிப் பக்கத்துப் பெண், இரண்டே கட்டுரை, பேச்சில் ஒரு தயக்கம். நாங்கள் பதினான்கு கட்டுரைக்காரரை எடுத்தோம். நானும்தான் கையெழுத்துப் போட்டேன். முதல் பருவத்திலேயே மாணவர்களை ஏற்காடு மலைப்பாதைக்கு அழைத்துப் போனார். சாலை வெட்டில் உருண்டையான பெரிய கற்கள் மஞ்சள் மண்ணுக்குள் புதைந்து நிற்பதைப் பார்த்து ஒரு பையன், "சார், இது ஆறு உருட்டிக் கொண்டுவந்ததா?" என்று கேட்டிருக்கிறான். "ஆமாம், பழைய ஆற்றுப்படுகை" என்று சொல்லிவிட்டார். அது தப்பு. சார்னோக்கைட் என்கிற இந்த மலையின் கெட்டிப் பாறை இருந்த இடத்திலேயே வெடிப்புகள் வழியாக நீர் இறங்கி, மூலைகள் முதலில் சிதைந்து, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கழன்று, நடுவில் உருண்டை மிஞ்சும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஏறும் வழியெல்லாம் இதுதான் பாடம். அது தெரியாதது குற்றமில்லை, அவர் படித்த ஊர் கடற்கரைப் பக்கம். "தெரியலப்பா, கிட்டப் போய்ப் பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பையன் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டான். அந்தப் பெண் என்ன ஆனார் என்றால், வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டார். அந்த நேர்காணலில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு பதில் நினைவிருக்கிறது. ஆய்வில் என்ன சிரமம் என்று கேட்டதற்கு, "மழைமானியை ஆடு தள்ளிவிட்டுடுச்சு சார், ஒரு மாசத் தரவு போச்சு" என்றார். குழுவில் எல்லோரும் சிரித்தோம். தன் தரவில் எந்த மாதம் ஓட்டை என்று தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸில் உறைத்தது.

ஆகவே என் யோசனை: கேள்விப் பட்டியலைச் சுருக்கி, செய்யச் சொல்லிப் பார்க்கும் வேலைகளைக் கூட்டுங்கள். மலைக்கே அழைத்துப் போய்ச் சோதிக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் ஆசைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே நிபந்தனை இருக்க வேண்டும். ஒருவர் போகும்போது வெயில், இன்னொருவர் போகும்போது மூடுபனி என்றால் நாளை யாராவது கேள்வி கேட்பார்கள். மலையை மேசைக்குக் கொண்டு வருவதே பாதுகாப்பு.

முதல் வேலை நிலவரைபடம். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரிசையில் சேலம் நகரம் 58 ஐ/2-இல் வரும், ஏற்காடு 58 ஐ/1-இல். ஏற்காடு தாளை விரித்து, "இங்கே பெய்யும் மழை எங்கே போய்ச் சேரும்?" என்று கேளுங்கள். தெற்கிலும் மேற்கிலும் இறங்குவது திருமணிமுத்தாறு, சரபங்கா வழியாகக் காவிரிக்குப் போகும். வடகிழக்கில் இறங்குவது வாணியாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போகும். ஒரே மலை, இரண்டு ஆற்றுப் படுகை. வெளியூர்க்காரருக்கு ஆற்றின் பெயர் தெரியாமல் போகலாம், அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். சமஉயரக் கோடுகளைப் பார்த்து, மழைநீர் இரு பக்கமும் பிரியும் நீர்ப்பிரி கோட்டை விரலால் வரைகிறாரா என்று மட்டும் பாருங்கள். ஒருவர் வரைபடத்தைத் தொடவே மாட்டார், கைகட்டி நின்று வரையறை சொல்லுவார். இன்னொருவர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவார். எனக்குப் பிடித்தது இரண்டாமவர் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வேலை பாடம் நடத்துவது. கண்டத் தட்டு நகர்வு, பாறைகளின் சுழற்சி போன்ற தலைப்புகளைக் கொடுக்காதீர்கள். எல்லோரிடமும் தயார் நிலையில் படக்காட்சி இருக்கும். முந்தின நாள் மாலை எல்லோருக்கும் ஒரே தலைப்பை அனுப்புங்கள்: "ஏற்காடு மலைப்பாதையில் மழைக்காலத்தில் மண் ஏன் சரிகிறது?" 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் இந்தப் பக்கம் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏற்காட்டிலும் கனமழை, பாதையில் சரிவு, போக்குவரத்து நின்றது. மாணவர்களுக்கு நேரில் தெரிந்த விஷயம். விண்ணப்பதாரர் "காடழிப்பு" என்று ஒரு சொல்லோடு நிறுத்தினால் அது செய்தித்தாள் பதில். சிதைந்த மண் எவ்வளவு ஆழம், அடியில் பாறை எந்தச் சாய்வில் கிடக்கிறது, துளைகளில் நீர் நிரம்பும்போது மண்ணின் பிடிமானம் ஏன் தளர்கிறது, சாலைக்காகச் சரிவின் அடிப்பகுதியை வெட்டியதால் என்ன ஆகிறது, சாலைக்கு அடியில் நீர் போகும் கல்வெர்ட் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கே புகும் என்று படிப்படியாகப் போனால் ஆள் தேறுவார். காடும் ஒரு காரணம்தான், வேர் மண்ணைப் பிடிக்கிறது. ஆனால் ஆழமான சரிவில் வேருக்கு எட்டாத இடத்தில் மண் நழுவும். அந்த வித்தியாசத்தைத் தானாகச் சொன்னவருக்கு நான் தனியாக ஒரு நட்சத்திரம் போடுவேன்.

பாடத்தைக் கேட்பது குழுவாக இருக்கக் கூடாது. உங்கள் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினைந்து பேரை உட்கார வையுங்கள், கேள்வி கேட்க விடுங்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரி. 'சிதைவு' என்றால் என்ன, 'அரிப்பு' என்றால் என்ன, முதலாவதில் பாறை இருந்த இடத்திலேயே உடைகிறது, இரண்டாவதில் உடைந்தது இடம் பெயர்கிறது என்று தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலச் சொல்லையும் பலகையில் எழுதத் தெரிந்தவர்தான் இங்கே பிழைப்பார். ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிறவரிடம் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். தமிழில் மட்டும் பேசுகிறவரிடம் படித்தவர்கள் மேற்படிப்புக்குப் போய் முழிப்பார்கள்.

எந்தக் கூட்டத்திலும் ஒரு பையன் கேட்கும் கேள்வி இருக்கிறது: "மேலே போனா சூரியனுக்குக் கிட்டதானே போறோம், அப்புறம் ஏன் ஏற்காடு குளிருது?" யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களே ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சேலம் நகரத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி சராசரியில் எட்டு டிகிரி அளவுக்குக் குறையும். சூரியனோ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்; அதில் ஒன்றேகால் கிலோமீட்டர் எந்த மூலைக்கு? காற்று முதன்மையாகத் தரையிலிருந்துதான் சூடாகிறது, மேலே போகும்போது விரிந்து குளிர்கிறது. இது எல்லா விண்ணப்பதாரருக்கும் தெரிந்த பதில். நான் பார்ப்பது முகத்தை. "இதுகூடத் தெரியாதா?" என்கிற சுளிப்பு ஒரு விநாடி வந்து போகும் சிலருக்கு. அவர்களை எடுக்காதீர்கள்.

ஒரு பாடத்தை வைத்து ஒருவர் நல்ல ஆசிரியரா என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாது. கூச்ச சுபாவிகள் அன்றைக்குத் திணறுவார்கள், மேடைப் பேச்சாளர்கள் ஜொலிப்பார்கள். அரை மணி நேரத்தில் மோசமானவரைக் கண்டுபிடிக்கலாம், சிறந்தவரைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. அதனால்தான் வரைபடம், கட்டுரை, பாடம் என்று மூன்று கோணத்திலிருந்து பார்க்கச் சொல்கிறேன். ஆய்வு வழிகாட்டியிடம் தொலைபேசியில் பேசுவதும் உதவும், ஆனால் "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான பிள்ளை" என்றுதான் பதில் வரும். "களத்துக்குத் தனியாக எத்தனை தடவை போனார்? அங்கே என்ன சிக்கல் வந்தது?" என்று கேளுங்கள். வழிகாட்டி யோசிக்காமல் கதை சொல்லத் தொடங்கினால் நல்லது.

பெண் விண்ணப்பதாரர்களிடம் மட்டும் கேட்கப்படும் ஒரு கேள்வி இருக்கிறது, நான் உட்கார்ந்த பெரும்பாலான குழுக்களில் காதில் விழுந்திருக்கிறது: "மலைக்கெல்லாம் பசங்களைக் கூட்டிட்டுப் போவீங்களாம்மா? வீட்டில் விடுவாங்களா? கல்யாணம் எப்போ?" இதை யாராவது தொடங்கினால் தலைவராக நீங்கள் அங்கேயே நிறுத்துங்கள். களப்பணி இந்த வேலையின் பகுதி, வருடத்துக்கு இத்தனை நாள் என்று எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தில் சொல்லி, ஒரே மாதிரி சம்மதம் கேளுங்கள். எனக்குத் தெரிந்து கல்வராயன் மலையில் மாணவர்களோடு மூன்று இரவு தங்கி நில அமைப்பு வரைபடம் போட்டு வந்தவர் ஒரு பெண் ஆசிரியர். அவருடைய ஆண் சகாக்கள் அந்த நாட்களில் தேர்வுப் பணி என்று சொல்லி நழுவிவிட்டார்கள்.

இனி நிலைப்பாரா என்ற கேள்வி. நேராகச் சொல்கிறேன், நீங்கள் எடுக்கப்போகிறவர் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். 2024 மார்ச்சில் அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் இடங்கள் என்று அறிவிப்பு வந்ததும் தனியார் கல்லூரி ஆசிரியர் அறைகள் எல்லாம் பயிற்சி மையம் போல ஆகிவிட்டன. நிரந்தர அரசுப் பணியில் நுழைவு அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். நான் கேள்விப்பட்டவரை நம் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் மொத்தச் சம்பளமே அதில் பாதிகூட வராது. இதில் "ஐந்து வருடம் இருப்பேன்" என்று எழுதி வாங்குவதோ, அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பதோ அநியாயம். செய்தால் நல்ல ஆட்கள் முதலில் ஓடுவார்கள், போக இடமில்லாதவர்கள்தான் தங்குவார்கள். படிக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறவரை அதற்காக ஒதுக்காதீர்கள். அந்தத் தேர்வுக்காகப் படிப்பதும் பாடம்தானே, உங்கள் வகுப்புக்கும் பயன்படும்.

உங்கள் கையில் இருப்பது வேலையின் நிலைமை. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்பது யு.ஜி.சி. விதி. புதிதாக வந்தவர் தலையில் இருபத்திரண்டு மணி நேரமும், நாக் தர மதிப்பீட்டுக் கோப்புகளும், கோடை விடுமுறையில் ஊர் ஊராகப் போய் அட்மிஷன் பிடிக்கும் வேலையும் ஏற்றினால் அவர் எப்போது கட்டுரை எழுதுவார், எப்போது மலைக்குப் போவார்? முதல் வருடம் இரண்டு புதுத் தாளுக்கு மேல் கொடுக்காதீர்கள். பருவத்துக்கு ஒரு பேருந்து, இரண்டு களநாள் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி, அதை நேர்காணலிலேயே சொல்லுங்கள். சம்பளத்தைக் கூட்ட உங்களால் முடியாமல் போகலாம், ஒரு பேருந்துக்கு டீசல் வாங்க முடியும். ஆய்வகத்தில் என்ன இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். திசை அளக்கும் பிரிஸ்மாட்டிக் காம்பஸ் நாலு, அதில் ஊசி அசைவது இரண்டு என்றால் அப்படியே சொல்லுங்கள். "மற்ற இரண்டையும் நான் பார்க்கட்டுமா?" என்று கேட்பவர் ஒருவர் இருப்பார்.

நன்கொடை விஷயம் நீங்கள் எழுதவில்லை, நானும் விரிக்கவில்லை. யாராவது மேலிடத்துச் சீட்டோடு வந்தால், மூன்று சோதனையிலும் எல்லோருக்கும் தனித்தனியாக மதிப்பெண் தாள் போட்டு, அன்றே கையெழுத்து வாங்கி வைத்திருப்பது உங்களைக் கொஞ்சம் காப்பாற்றும். முழுக்கக் காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக, நேரம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. கருப்பூர், மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் ஒரு துண்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு சொட்டுக்குழாய் மேசையில் வையுங்கள். அந்த மேடுகளுக்கு வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டான், அதனால் சுண்ணாம்பு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. உண்மையில் அது மாக்னசைட், மக்னீசியம் நிறைந்த பாறை மாறியதால் வந்தது. சுண்ணாம்புக் கல்லில் அமிலம் பட்டதும் பொங்கும். மாக்னசைட்டில் குளிர்ந்த அமிலம் அநேகமாகச் சும்மா கிடக்கும், பொடி செய்தாலோ சூடாக்கினாலோதான் நுரைக்கும். "இது சுண்ணாம்பா, கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேடிக்கை பாருங்கள். கல்லை வேதியியல் துறையிலோ நிலவியல் துறையிலோ கேட்டு வாங்குங்கள், சுரங்கத்துக்குள் போய்ப் பொறுக்காதீர்கள். முந்தின நாள் நீங்களே ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். ஒரு தேர்வில் நாங்கள் அதைச் செய்யவில்லை. நாலாவதாக வந்த பெண் அமிலத்தை விட்டார், ஒன்றுமில்லை. அமிலத்தைச் சூடாக்கித் தரச் சொல்லி மறுபடி விட்டார், ஒன்றுமில்லை. பையிலிருந்து சாவியை எடுத்துக் கல்லில் அழுத்தி இழுத்தார். கல்லில் கீறல் விழவில்லை, சாவியின் உலோகம்தான் கோடாக ஒட்டியது. "சார், இது சுண்ணாம்பும் இல்லை, மாக்னசைட்டும் இல்லை, குவார்ட்ஸ்" என்றார். அதற்கு முன் வந்த மூன்று பேரும் அதை மாக்னசைட் என்று விளக்கி, நாங்களும் தலையாட்டி மதிப்பெண் போட்டிருந்தோம். அந்தக் கல்லைக் கொண்டு வந்தவன் நான்தான்.